வாஷிங்டன் வரி, கருமத்தம்பட்டித் தறி

2025 ஏப்ரல் 2. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் தறிச் சத்தமே இல்லை. கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் மார்ச் 19 முதல் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அதே நாளில், வாஷிங்டன் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அதிபர் டொனால்டு டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். நாடுவாரியாக இறக்குமதி வரி எழுதிய அட்டை. இந்தியாவுக்கு நேரே 26 விழுக்காடு என்று இருந்தது.

ஆகஸ்ட் 7இல் அது 25 விழுக்காடாக நடைமுறைக்கு வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்ற காரணத்தைச் சொல்லி, ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25 சேர்ந்தது. பருத்தி டி-சர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 விழுக்காடு வரி உண்டு. எல்லாம் சேர்த்து 66.5. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 மட்டுமே.

இந்த வரியைக் கட்டுபவர் திருப்பூர்க்காரர் அல்ல. சரக்கை இறக்கும் அமெரிக்க வியாபாரி. ஆனால் அவர் சும்மா கட்டுவதில்லை. “விலையைக் குறையுங்கள், இல்லையென்றால் டாக்காவில் வாங்கிக்கொள்கிறேன்” என்பார். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. பனியன் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் நூல் மில்லில் நூல் தேங்கும். கருமத்தம்பட்டித் தறிகளில் ஓடும் காடா துணி பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கானதுதான். என்றாலும் பாவு நூலும் ஊடை நூலும் அதே மில்களிலிருந்து வருபவை. மில் ஆடினால் நூல் விலை ஆடும். நூல் விலை ஆடினால், ஜவுளி உற்பத்தியாளர் பாவு தருவதைக் குறைப்பார். கூலி பேசும் மேசையில் தறிக்காரரின் குரல் இறங்கும். ஒரு கையெழுத்து இத்தனை கண்ணிகளைத் தாண்டி வருகிறது.

வியப்புக்குரிய விஷயம் வேறொன்று. அமெரிக்க அரசியல் சாசனப்படி, வரி போடும் அதிகாரம் அதிபருக்குக் கிடையாது. முதல் பிரிவின் எட்டாம் உட்பிரிவு அதை நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. பிறகு எப்படி அந்தப் பேனா அதிபர் கைக்குப் போனது? அதைத் தெரிந்துகொண்டால் இன்றைய அமெரிக்க அரசியலில் பாதி விளங்கிவிடும்.

பருத்திக்காரரும் மில்காரரும்

அமெரிக்கக் குடியரசு தொடங்கியவுடன் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று இறக்குமதி வரிச் சட்டம். 1789 ஜூலை 4இல் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டார். அன்றைக்கு வருமான வரி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மத்திய அரசு ஓடியதே துறைமுக வரியில்தான்.

ஆனால் அந்த வரி நாட்டை இரண்டாகப் பிரித்தது. வடக்கே துணி மில்களும் இரும்பு ஆலைகளும் இருந்தன. ஆங்கிலேயச் சரக்கு மலிவாக உள்ளே வராதபடி உயர்ந்த வரி வேண்டும் என்றார்கள் அவற்றின் முதலாளிகள். தெற்கே அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தி இங்கிலாந்துக்குப் போனது. அங்கிருந்து துணியும் கருவியும் வந்தன. வரி கூடினால் தெற்கத்திப் பண்ணை முதலாளிகளுக்கு இரட்டை நட்டம். 1828இல் வரி உச்சத்துக்குப் போனது. 1832 நவம்பரில் தென் கரோலினா மாநிலம், “இந்தச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது” என்று அறிவித்தது. படையை அனுப்புவேன் என்றார் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1833இல் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசத்தில் அது தணிந்தது. மத்திய அரசுக்கு மாநிலம் எவ்வளவு தூரம் கட்டுப்பட வேண்டும் என்று அமெரிக்காவில் இன்றும் நடக்கும் சண்டைக்கு அன்றே வடிவம் கிடைத்துவிட்டது.

அந்தப் பருத்திக் கதையில் கோயம்புத்தூரும் இருக்கிறது. அமெரிக்கப் பருத்தியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று கவலைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1840களில் அமெரிக்கத் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1842 முதல் 1853 வரை கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளை மேற்பார்வையிட்டார். சோதனை பெரிதாகப் பலிக்கவில்லை. நம் குடியானவர்கள் மானாவாரிக்கு ஏற்ற உப்பம், நாடம் ரகங்களை விடவில்லை.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. மூல காரணம் அடிமைமுறை. வரிச் சண்டை அதற்கு முன்னோட்டம் மட்டுமே. வடக்கத்திக் கப்பற்படை தெற்கத்தித் துறைமுகங்களை மறித்தது. தம் பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வாங்கிய லங்காஷையர் மில்கள் தவித்தன. இந்தியப் பருத்தி விலை தாறுமாறாக ஏறியது. அந்த நேரம் பார்த்து, 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை திருப்பூர், போத்தனூர் வழியாக நிறைவடைந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயில் பல வியாபாரிகள் திவாலானார்கள். அமெரிக்க அரசியலால் கொங்கு நாட்டுக் காட்டு விளைச்சலுக்கு விலை ஏறியதும் இறங்கியதும் 160 ஆண்டுப் பழைய சங்கதி.

எழுதிக் கொடுத்த பவர் பத்திரம்

இனி அந்தப் பேனா கைமாறிய இடத்துக்கு வருவோம். 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. விவசாயிகளைக் காக்க வரியை உயர்த்துகிறோம் என்று தொடங்கிய மசோதா, காங்கிரஸில் ஏலக்கடையானது. “உன் தொகுதிச் சரக்குக்கு நான் கை தூக்குகிறேன், என் தொகுதிச் சரக்குக்கு நீ கை தூக்கு” என்று உறுப்பினர்கள் பேரம் பேசி நூற்றுக்கணக்கான பொருள்களின் வரியை ஏற்றினார்கள். வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் மனு கொடுத்தும், 1930 ஜூன் 17இல் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் கையெழுத்திட்டார். ஸ்மூட்-ஹாலி சட்டம் என்பது அதன் பெயர். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. பெருமந்தத்துக்கு அந்தச் சட்டம் ஒன்றே காரணமல்ல; ஆனால் நோயாளி எழ முயன்ற நேரத்தில் அது கையைத் தட்டிவிட்டது. மசோதாவைக் கொண்டுவந்த ஸ்மூட், ஹாலி இருவருமே 1932 தேர்தலில் தோற்றார்கள்.

காங்கிரஸ் அதிலிருந்து ஒரு பாடம் கற்றது. தொகுதி தொகுதியாகச் சிந்திக்கும் எங்களால் வரியைக் குறைக்கவே முடியாது; நாடு முழுவதற்கும் பொறுப்பான ஒருவரிடம் விடுவோம் என்று முடிவெடுத்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில், 1934இல் வந்த சட்டம், பிற நாடுகளுடன் ஒப்பந்தம் செய்து வரியைப் பாதி வரை கூட்டவோ குறைக்கவோ அதிபருக்கு அனுமதி தந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் பெயரிலேயே பட்டாவை வைத்துக்கொண்டு, விற்பதற்கு மட்டும் இன்னொருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பதுபோலத்தான் இது. பட்டா இன்றும் காங்கிரஸ் பெயரில் இருக்கிறது. பத்திரம் மட்டும் அதிபர் கையில்.

பல பத்தாண்டுகள் அது நல்ல விதமாகவே நடந்தது. 1947 அக்டோபர் 30இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட வணிக உடன்பாட்டில் இந்தியாவும் சேர்ந்தது. உலகெங்கும் வரி இறங்கியது. ஜவுளி மட்டும் தனித்து நின்றது. 1962இல் பெரிய வரிக்குறைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்ற ஜான் கென்னடிக்குத் தெற்கத்தி மில் மாநில உறுப்பினர்களின் ஓட்டு தேவைப்பட்டது. அவர்களைச் சமாதானப்படுத்த, பருத்தித் துணி இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். அதுவே 1974இல் பன்னாட்டு இழை ஒப்பந்தமாக விரிந்து 2004 இறுதி வரை நீடித்தது. திருப்பூரில் பழைய ஏற்றுமதியாளர்கள் இன்னும் சொல்லும் “கோட்டா காலம்” அதுதான். டி-சர்ட்டுக்கு 16.5 விழுக்காடு என்ற உயர்ந்த வரி இன்றும் நிலைத்திருப்பதற்கும் அந்த மில் மாநில அரசியலின் நீண்ட செல்வாக்கே காரணம்.

கட்சிகளும் இடம் மாறின. லிங்கன் முதல் ஹூவர் வரை குடியரசுக் கட்சி உயர்ந்த வரியின் கட்சி. தெற்கை அடித்தளமாகக் கொண்ட ஜனநாயகக் கட்சி குறைந்த வரியின் கட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியரசுக் கட்சி தடையற்ற வணிகத்தின் பக்கம் சாய்ந்தது. ஆலைகள் மூடப்படுவதைக் கண்ட தொழிற்சங்கங்கள் ஜனநாயகக் கட்சியைப் பாதுகாப்பு வரியின் பக்கம் இழுத்தன. டிரம்ப் தன் கட்சியை அதன் பழைய வீட்டுக்கே திருப்பி அழைத்து வந்திருக்கிறார்.

ஒரு சொல் இல்லாத சட்டம்

இதற்கிடையில் பத்திரங்களின் எண்ணிக்கை கூடியது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வரி போட 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232ஆம் பிரிவு. நியாயமற்ற வணிகத்துக்குப் பதிலடி தர 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 122ஆம் பிரிவு 15 விழுக்காடு வரை 150 நாள்களுக்கு வரி போட விடுகிறது. கடைசியாக 1977ஆம் ஆண்டின் நெருக்கடிக்கால அதிகாரச் சட்டம். அதிபர்கள் பழைய போர்க்காலச் சட்டத்தை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தத்தான் அது பிறந்தது. இறக்குமதியை “ஒழுங்குபடுத்தலாம்” என்று அது சொல்கிறது; “வரி” என்ற சொல் அதில் இல்லை. 2025க்கு முன் எந்த அதிபரும் அதை வைத்து இறக்குமதி வரி போட்டதில்லை. இந்தியாவின் மேல் விழுந்த 50 விழுக்காடும் அந்தச் சட்டத்தின் பெயரால் விழுந்தது.

எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் அமெரிக்கர்களே. ஒயின் இறக்குமதி செய்யும் சிறு நிறுவனம், பொம்மைக் கம்பெனி, 12 மாநில அரசுகள். 2025 மே 28இல் வணிக நீதிமன்றமும், ஆகஸ்ட் 29இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், அதிபர் தன் அதிகாரத்தை மீறினார் என்றன. நவம்பர் 5இல் வாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கின் கரு எளியது: இந்தப் பத்திரத்தில் இவ்வளவு அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறதா?

இந்தியாவும் கைகட்டி நிற்கவில்லை. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 விழுக்காடு வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்து, அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. மில்களுக்கு அது ஆறுதல். பருத்தி விவசாயிக்கோ விலை இறங்குமோ என்ற பயம். வடக்கத்தி மில்லுக்கும் தெற்கத்திப் பருத்திக்கும் 1828இல் நடந்த இழுபறி இங்கேயும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அதனால் அமெரிக்க வரிச் செய்தி வரும்போது, எத்தனை விழுக்காடு என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தச் சட்டத்தின் பெயரால் வந்த வரி? அந்தச் சட்டத்துக்குக் காலக்கெடு உண்டா, நீதிமன்றத்தில் நிற்குமா? அந்த நாட்டில் யாருடைய ஓட்டுக்காக வந்தது? நெருக்கடிச் சட்டத்தால் வந்த வரி ஒரு தீர்ப்பில் போகலாம். மில் மாநில ஓட்டுக்காக வந்த 16.5 பல அதிபர்களைத் தாண்டி நிற்கும். எது போகும், எது நிற்கும் என்று பிரித்தறியத் தெரிந்த வட்டாரம், ஒரே நாட்டு ஆர்டரை நம்பிக் கடன் வாங்கித் தறி போடாது. தறிக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் கூலி விகிதத்தோடு இதையும் பேச வேண்டிய காலம் இது.