எல்லா நீலமும் குறிஞ்சி அல்ல

மழை ஓயும் நேரம். புனேயின் விஷ்ராந்த்வாடியில் உள்ள தமிழர்கள் சஹ்யாத்ரி மலைக்குப் போய்வந்து, "குறிஞ்சி பார்த்தோம்" என்றால் நம்ப வேண்டாம். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் கார்வி.

இரண்டும் ஸ்ட்ரோபிலான்தஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பூவும் நீலம் கலந்த ஊதா. இரண்டும் ஒரே ஒருமுறை பூத்து, விதைவிட்டு மடிந்துவிடும். குழப்பம் இயல்பே.

ஆனால் கணக்கு வேறு. கார்விக்கு எட்டு ஆண்டு. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2008, 2016, 2024 எனப் பூத்தது. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு, மூணாறில் 2006இலும் 2018இலும் மலர்ந்தது.

ஆள் உயரத்தையும் தாண்டி வளர்வது கார்வி. இலை பெரியது, சொரசொரப்பானது. பூங்கதிரில் கை வைத்தால் பிசுபிசுக்கும். நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளின் குறிஞ்சியோ பெரும்பாலும் முழங்கால் உயரப் புதர்.

காய்ந்த மாதிரியில் பூவின் நிறம் மங்கிவிடும். அதனால்தான் செடியைச் சேகரிப்பவர்கள் உயரம், நிறம், இடம் எல்லாவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்கிறார்கள். 1955 முதல் புனேயில் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மேற்கு மண்டல மையத்திலும் இந்தக் குறிப்புகளுக்குத்தான் மதிப்பு.

பெயரில் என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் சேர்த்தது. பிடுங்கினால் தண்டனை. கார்வியின் தண்டிலோ மலைவாசிகள் தலைமுறைகளாகக் குடிசைச் சுவர் கட்டிவருகிறார்கள்.

பூவைப் பார்த்தால் போதாது. செடியையும் பார்க்க வேண்டும்.