பழைய டீசல் ஜீப் வாங்கப் போகிறீர்களா?

உயர்ரகச் சிறிய ஜீப் வண்டிகள்மீது எமது குடும்பஸ்தர்களுக்கு ஏற்பட்டிருக்கும் மோகம் யாவரும் அறிந்ததே. புதியதை வாங்க இயலாதோர் பத்தாண்டுக்கு மேல் ஓடிய பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 1, பிறீலாண்டர் 2, அவுடி கியூ 3 ஆகியவற்றை நாடுகின்றனர். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறிற்று. ஆகவே, இதற்குக் கொடுக்கும் பணம் பிள்ளையின் மேற்படிப்புக்கென வைத்திருந்த பணமாகவும் இருத்தல் கூடும்.

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வண்டியைப் பற்றியதன்று. தினமும் நாம் எவ்வளவு தூரம் ஓடப்போகின்றோம்? நவீன டீசல் வண்டியின் புகைக்குழாயிலே கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்றுண்டு. சேர்ந்த கரி ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எரிந்துபோதல் வேண்டும். நெடுஞ்சாலையில் நிறுத்தாது ஓடும்போதே அவ்வெப்பம் இலகுவிற் கிட்டும். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் வண்டியில் வடிகட்டி அடைபடும். கரியை எரிக்கவென மேலதிகமாகச் செலுத்தப்படும் டீசல், அவ்வேலை அடிக்கடி அரைகுறையாக நின்றுவிடின், எஞ்சின் எண்ணெயிற் கலந்துவிடும். எண்ணெய் மட்டம் உயர்ந்து டீசல் மணம் வீசுகின்றதா எனப் பார்க்கவேண்டும். குறுந்தூரம் மாத்திரம் ஓடும் குடும்பத்துக்குப் பெற்றோல் வண்டியே உகந்தது என்பது எமது அபிப்பிராயம்.

2009 முதல் 2015 வரை வெளிவந்த முதலாவது எக்ஸ் 1 வகையில் என் 47 என்னும் டீசல் எஞ்சின் பெருவாரியாகப் பூட்டப்பட்டது. அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறத்தில், கியர்ப்பெட்டியை ஒட்டி அமைந்துள்ளது. அது தேய்ந்தால் மாற்றுவது பெருஞ்செலவு. அறுந்தாலோ வால்வுகள் பிஸ்டன்களில் மோதி எஞ்சினே பாழாகும். எனவே காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையிலேயே சென்று ஸ்டார்ட் செய்வித்துக் கேளுங்கள். பின்புறத்திலிருந்து உராய்வது போன்ற ஓசை எழுமாயின் விலை பேசவேண்டாம். 'நீங்கள் வருமுன்னரே சூடாக்கி வைத்தோம்' என்று விற்பவர் உபசாரமாகச் சொன்னால், தேநீரைக் குடித்துவிட்டு மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பலாம்!

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின், நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருத்தல் அவசியம். சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தனுப்பும் இணைப்பின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டுடன் கேட்கவேண்டும். மெக்கானிக் நமது ஆளாக இருத்தல் நன்று. தரகர் அழைத்துவரும் மெக்கானிக் தரகரின் ஆளே.

முற்பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அதில் உரித்தாளராக இன்னும் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை பணம் நமது பையிலேயே இருக்கட்டும்.