கேட்டுச் செய்வதும், செய்துவிட்டுக் கேட்பதும்

பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் எவ்வாறு நிர்வகிப்பது என்று ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்பது நல்ல வழக்கமே. ஆனால் எப்போது கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. தீர்மானம் நிறைவேறி, கட்டணமும் நிர்ணயமாகி, குத்தகைதாரர் வாசலில் வந்து நின்ற பிறகு "தங்கள் கருத்து யாது?" என்று விசாரிப்பது, தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண்ணின் சம்மதம் கேட்பதற்கு ஒப்பாகும்.

2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் சென்னை மாநகராட்சியில் நடந்தது இத்தகைய காரியமே. செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்து மைதானங்களைத் தனியார் வசம் ஒப்புவிப்பதென்றும், ஆட வருகிறவர் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றும் தீர்மானமாயிற்று. வாரத்தில் 5 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பையனுக்கு நான்கு வாரத்தில் 2,400 ரூபாய் ஆகிறது. கால்பந்துக்குப் பேர்போன வட சென்னையில், கூலிக்குப் போகும் தகப்பன் இத்தொகையை எங்கிருந்து கொண்டுவருவான்? கூக்குரல் எழுந்தது. சில தினங்களுக்குள் தீர்மானம் வாபஸ் ஆயிற்று. மாநகராட்சியே மைதானங்களைப் பராமரிக்கும் என்று அறிவிப்பும் வந்தது. வாபஸ் வாங்கியதை நாம் பாராட்டுகிறோம். எனினும் ஒன்று கேட்கிறோம். புல்விரிப்புத் தேயும், விளக்குக்கு மின்சாரம் வேண்டும், காவலாளுக்குச் சம்பளம் வேண்டும் என்பவையெல்லாம் உண்மையே. அக்கணக்கை ஆடுகிற பிள்ளைகளின் முன்னும் பெற்றோர் முன்னும் முதலிலேயே வைத்திருந்தால், பணம் வாங்கிப் பயிற்சி தருவோரிடம் வசூலிக்கலாம், பேட்டைப் பிள்ளைகளை விட்டுவிடலாம் என்று அவர்களே வழி சொல்லியிருக்க மாட்டார்களா?

சென்னையில் கூச்சலிடக் கட்சிகளும் பத்திரிகைகளும் உண்டு. பூம்பாறையில் கூச்சலிட்டால் யார் காதில் விழும்?

கொடைக்கானலுக்கு மேற்கே மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப் பூண்டும், குழந்தை வேலப்பர் சந்நிதியும் அவ்வூரின் பெருமை. மலையில் சம தரை என்பது தானாகக் கிடைப்பதன்று. மண்ணை வெட்டிக் கல்லை அடுக்கி மனிதன் உண்டாக்கியது. இத்தகைய ஊரில் பொதுவில் விட்ட ஒரு சம தரையை நாடி எத்தனை பேர் வருவர்! பிள்ளைகளுக்குப் பந்தாட இடம் வேண்டும். திருவிழாக் கூட்டத்துக்கு இடம் வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பிரயாணிகளின் கார்களுக்கும் இடம் வேண்டும். கார்க்காரர் பணம் கொடுப்பார், பிள்ளைகள் கொடுக்க மாட்டார்கள். யாரையும் கேளாமல் தீர்மானித்தால் அத்தரை யார் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கொடைக்கானலின் சரித்திரமே அப்படிப்பட்டது. 1863-ல் ஏரியை உண்டாக்கினவர் லெவிஞ்ச் துரை. 1872-ல் மலையோரத்தில் உலாவும் பாதையை அமைத்தவர் கோக்கர். பிரையண்ட் பூங்காவுக்கு 1908-ல் திட்டமிட்டவர் காட்டிலாகா உத்தியோகஸ்தர். அழகிய இடங்கள்தாம், நமக்கு அவற்றின் மேல் துவேஷமில்லை. ஆனால் அவை வெயிலுக்கு அஞ்சி மலையேறி வந்தவர்களுக்காக ஏற்பட்டவை. துரைகள் போய்விட்டார்கள், விருந்தாளிக்கே முதலிடம் என்ற மனோபாவம் மட்டும் போகவில்லை. பிரையண்ட் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது, ஏரி நகராட்சியிடம், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூருக்குப் போனால் அங்கே வனத்துறை. இலாகாவுக்கு ஓர் இடம் உண்டு. மலைவாசியின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டியது எந்த இலாகாவின் வேலை?

கிராமங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டு மைதானமும் சேர்ந்திருந்தது. 2024-ல் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுச் சாமான்கள் வழங்கும் திட்டம் மதுரையில் ஆரம்பமாயிற்று. பந்து கோட்டையிலிருந்து வரலாம். மைதானத்தின் சாவி எவரிடம், மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டுவது, பெண் பிள்ளைகள் ஆடும் நேரம் எது என்பவற்றையும் கோட்டையே தீர்மானிக்க இயலுமா?

சட்டம் ஜனங்களின் பக்கமே இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஆஸ்பத்திரி கட்டுவதற்காகத் தனியார் டிரஸ்டு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியும் நல்ல காரியந்தானே என்று வாதித்தார்கள். அண்டை வீட்டார் வழக்காடினர். பூங்கா அரசாங்கத்தின் சொத்து, வழக்குத் தொடர இவர்கள் யார் என்ற ஆட்சேபத்தை 1991-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. அப்பகுதியில் வசிப்பவர்களுக்கு வழக்காட உரிமை உண்டென்று கூறி, நிலக் கொடை ரத்தானதை உறுதி செய்தது. பஞ்சாயத்து ஊழியர்கள் அத்தீர்ப்பை அறிந்திருத்தல் நலம்.

ஆயினும் சுப்ரீம் கோர்ட் வரை போய்த்தானா ஒரு பூங்காவைக் காக்க வேண்டும்? நியூஸிலாந்தில் 1977-ஆம் வருஷத்திய சட்டப்படி, பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலத்துக்கு நிர்வாகத் திட்டம் வகுக்குமுன் ஜனங்களிடம் யோசனை கேட்கிறார்கள். பிறகு நகல் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தருகிறார்கள். அங்கே எழுதிக் கொடுக்க வேண்டும். நமது கிராம சபையிலோ எழுதத் தெரியாத கிழவியும் எழுந்து நின்று பேசலாம். அவ்வகையில் நமது ஏற்பாடே மேல். 1994-ஆம் வருஷத்திய ஊராட்சிச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபை வருஷத்தில் 4 நாள் கூடியது; 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து 6 நாளாயிற்று.

ஆனால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதற்குச் சபை என்று பெயரிட்டுப் பயனில்லை. திண்டுக்கல் ஜில்லாவில் 2025 ஜனவரி 5-ல் ஊராட்சி அங்கத்தினர்களின் பதவிக் காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. தேர்தலுக்கு நிற்க வேண்டியவர் கேளாமல் செய்தால் ஓட்டு அவரைத் தண்டிக்கும். உத்தியோகஸ்தரைத் தண்டிக்க ஊராரிடம் ஓட்டு இல்லை. அத்தகைய காலத்தில் சபை கூடுவது இரட்டிப்பு அவசியமாகிறது.

ஆகையால் ஊர்ப்பணி செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். தத்தம் ஊரில் பொது இடம் எது, பரப்பு எவ்வளவு, சர்வே எண் என்ன, எவர் பராமரிப்பில் உள்ளது, வரவு செலவு என்ன என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சாவடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் கிராம சபைக்கு இரண்டு மாதம் முந்தி ஒட்டச் செய்யுங்கள். உத்தியோகஸ்தர் கணக்குத் தர மறுத்தால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுக் கட்டணம் 10 ரூபாய்.