கண் தேவைப்படாத தொழில்

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், இருட்டியபின் தெருவில் சிறு குழலின் ஓசை கேட்கும். கையில் தடியுடன் நடந்து வரும் பார்வையற்றவர், உடம்பு பிடித்துவிட ஆள் வந்திருப்பதை ஊதித் தெரிவிப்பார். கடை கட்டிய வியாபாரியோ சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கரோ அவரை உள்ளே அழைத்துக்கொள்வார். எடோவின் பிற்காலத்தில் முழு உடம்புக்கும் கூலி 48 மொன். மேலுடம்பு மட்டும் என்றால் அதில் பாதி. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மொன் விற்ற காலம் அது. மூன்று கிண்ணத்தின் விலையில் அன்றைய அலுப்பு தீர்ந்துவிடும்.

இன்று அதே ஊரில் ரயில் நிலையத்தைச் சுற்றிலும் ‘60 நிமிடம், 2,980 யென்’ என்ற பலகைகள். நின்றபடி சாப்பிடும் கடையில் சோபா ஏறத்தாழ 500 யென். அந்தக் கணக்கில் கூலி ஆறு கிண்ணமாகிவிட்டது. விலை ஏறியது பெரிதில்லை. உள்ளே பிடித்துவிடுபவர் கண்ணுள்ளவர். பெரும்பாலும் அரசு உரிமம் இல்லாதவர்.

அன்மா எனப்படும் இந்த முறை சீனத்திலிருந்து வந்தது. அது பார்வையற்றோரின் பிழைப்பாக வேரூன்றியதில் சுகியாமா வாயிச்சிக்குப் (1610–1694) பெரும் பங்கு உண்டு. சிறுவயதிலேயே கண்ணிழந்தவர். அக்குபங்சர் ஊசியை மெல்லிய குழாய்க்குள் விட்டுத் தட்டி இறக்கும் உத்தி அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. விரலால் இடம் தேடுகிறவரின் ஊசி நழுவாமலிருக்க அதைவிட எளிய வழி இருக்க முடியாது. பார்வையுள்ளவர்களும் இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐந்தாம் ஷோகன் சுனயோஷியின் ஆதரவில் அவர் பார்வையற்றோருக்கு ஊசியும் அன்மாவும் கற்பித்தார். அவர்களுக்கெனத் தோதோசா என்ற சங்கமும் இருந்தது. அதைப் புனிதமாக்கிப் பார்க்க வேண்டியதில்லை: பட்டங்கள் பணத்துக்குக் கிடைத்தன, மேல்தட்டிலிருந்த சிலர் வட்டிக்கடை நடத்தினார்கள். ஆனாலும் கண்ணில்லாத பிள்ளைக்கு ஓர் இடம் நிச்சயம் என்ற நிலை இருந்தது. வேறு இடம் அநேகமாகக் கிடையாது என்பதும் அதே நிலைதான்.

ஷோகன் ஆட்சிக்குப் பின் வந்த மேஜி அரசு 1871-ல் சங்கத்தைக் கலைத்தது. 1911-ல் உரிம முறை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நேச நாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகம் இத்தொழில்களைச் சந்தேகத்தோடு பார்த்தபோது பார்வையற்றோர் திரண்டு எதிர்த்தார்கள். 1947-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று உரிமம் பெற மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் வேண்டும். பார்வையுள்ளோருக்கான புதிய மசாஜ் பள்ளிகளுக்கு அனுமதி மறுக்க வழிசெய்யும் பிரிவு 1964-ல் சேர்ந்தது. அதை எதிர்த்த வழக்கில், பிரிவு செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படித் தொழிலின் முன்வாசலில் காவல் போட்டார்கள். கொல்லைப்புறம் அதற்கு முன்பே திறந்திருந்தது. உடலுக்குத் தீங்கு நேரக்கூடிய செயல்களை மட்டுமே தடைசெய்யலாம் என்று 1960-ல் அதே நீதிமன்றம் வேறொரு சிகிச்சை வழக்கில் சொன்னது. அதன் பிறகு, ‘மசாஜ்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதாமல், ‘தசைத் தளர்வு’, ‘இளைப்பாறல்’ என்று எழுதிக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது. உசுய் மிக்காவோ 1922-ல் தொடங்கிய ரெய்க்கிக்கு அந்தச் சங்கடமும் இல்லை; கையை மேலே வைத்தாலே சக்தி பாயும் என்கிறார்கள். அந்தச் சக்தியை எந்தக் கருவியும் இதுவரை அளந்ததில்லை. 48 மொன் வாங்கியவர் அப்படி எதையும் வாக்களிக்கவில்லை. கழுத்து வலி குறைந்ததா இல்லையா என்பது வாடிக்கையாளருக்கே தெரிந்துவிடும்.

உரிமம் பெற்ற மசாஜ்காரர்கள் இன்று ஒரு லட்சத்துக்கு மேல். 1960-களின் தொடக்கத்தில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பார்வையற்றோர். இப்போது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை நட்டமென்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. திரைவாசிப்பு மென்பொருளோடு சட்டம் படிக்கும் இளைஞனிடம் அன்மாதான் உன் விதி என்று யாரும் இன்று சொல்வதில்லை. படித்து உரிமம் பெற்றவர்களுக்கும் புதிய வாசல்கள் திறந்திருக்கின்றன. மாற்றுத் திறனாளிகளுக்கான தனியார் துறை ஒதுக்கீடு 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமானது; பெரிய நிறுவனங்கள் சில, ஊழியர்களுக்குப் பிடித்துவிடவே பார்வையற்றோரை மாதச் சம்பளத்தில் அமர்த்துகின்றன.

முடங்கிக் கிடக்கும் முதியோருக்கு, மருத்துவர் ஒப்புதலோடு வீடு தேடிச் சென்று பிடித்துவிடும் வேலைக்குக் காப்பீட்டுப் பணமும் கிடைக்கிறது. உரிமம் இல்லாதவர் அதில் நுழைய முடியாது. ஆனால் ஒரே நாளில் பல வீடுகள் ஏறி இறங்க வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவருக்கே அங்கும் முன்னுரிமை.