மணிக்கட்டில் ஒரு கணிப்பொறி

கைக்கடிகாரத்துக்குள் கணிப்பொறியை அடக்குவதில் பெரிய சிக்கல் எது? இடம்தான் என்பீர்கள். உண்மையில் மின்கலம்தான்!

1972-இல் அமெரிக்காவின் ஹாமில்ட்டன் நிறுவனம் ‘பல்சார்’ என்ற எண்முறைக் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எண்கள் ஒளி உமிழும் டையோடுகளால் ஆனவை. தாமே ஒளிர்வதால் இவை மின்சாரத்தை மிகுதியாகச் செலவிட்டன. ஆகவே பொத்தானை அழுத்தினால் மட்டுமே மணி தெரியும்.

அடுத்து வந்த திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. மின்னழுத்தம் தந்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பி, வெளியொளியைத் தடுக்கின்றன அல்லது விடுகின்றன. இதற்குச் சொற்ப மின்சாரமே போதும். எனவே எண்கள் எப்போதும் தெரிந்தன. 1984-இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம், கணிப்பொறியுடன் கம்பியால் இணைத்துக் குறிப்புகளைச் சேமிக்கும் கடிகாரத்தை வெளியிட்டது.

2000-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்கும் மாதிரிக் கடிகாரத்தையே செய்து காட்டினர். மூளை வளர்ந்தது, பசியும் வளர்ந்தது! செயலியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றல் செலவாகிறது. நொடிக்கு எத்தனை மாற்றங்களோ, அத்தனை செலவு. வழி என்ன? வேலையில்லாதபோது செயலியை உறங்க வைப்பதுதான்.

இன்றும் பல கடிகாரங்களில் திரை சற்று நேரத்தில் இருண்டு, கையை உயர்த்தினால் ஒளிர்கிறது. பல்சாரின் பொத்தான் செய்த வேலையும் இதுதானே?