வேலியே பயிரை மேயும் காய்ச்சல்

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்தில் நாம் கூடும்போது, ஊருக்குப் போய் வந்தவர்களின் கதையில் காய்ச்சலும் வந்துவிடும். "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்போம். டெங்கு விடயத்தில் இந்தச் சொல்லே ஆபத்தானது.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து சுகமானால், அதே வகை எம்மை மீண்டும் அண்டாது. ஆனால் பின்னர் வேறொரு வகை தொற்றினால், உடலில் உள்ள பழைய எதிர்ப்புப் பொருட்கள் அதைப் பற்றிக்கொள்ளுமே தவிர, முடக்கமாட்டா. மாறாக, வைரஸ் பெருகக்கூடிய வெண்குருதிக் கலங்களுக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் விட்டுவிடும். உடல் பதறி, அழற்சிப் பொருட்களை அளவுக்கு மிஞ்சிச் சொரிகிறது. சிறு குருதிக் குழாய்கள் கசிகின்றன, குருதி தடிக்கிறது, அமுக்கம் விழுகிறது. பலர் சுகமாகிவிடுவார்கள். ஆனால் ஆபத்து வருவது, காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையான காலத்திலேயே.

காக்க வந்த படையே காயப்படுத்தும் என்பது அவுஸ்திரேலிய ஆய்வுகூடத்திலும் தெரிந்த உண்மை. 1970களில் கன்பராவில் பீட்டர் டொகேர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலிகளின் மூளையைத் தாக்கும் ஒரு வைரசை ஆராய்ந்தனர். அங்கே மூளையைக் கெடுத்தது வைரஸ் அல்ல. அதை அழிக்க வந்த வெண்கலங்களே. தொற்றிய கலத்தை அவை இனங்காணும் விதத்தைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

2017இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். எம்மில் பலருக்குச் சிறுவயதில், தெரியாமலேகூட, ஒரு தடவை வந்திருக்கலாம். அப்படியானால் ஊரில் கடிக்கும் நுளம்பு தருவது இரண்டாவது தொற்று. மெல்பேணில் டெங்கு பரப்பும் நுளம்பு இல்லை. ஆகவே நாம் சொன்னால்தான் வைத்தியருக்கு அந்த நினைப்பு வரும்.

ஊரிலிருந்து வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், பயணத்தை முதலில் சொல்லுங்கள். ஆங்கிலம் தடக்கினால் 131 450க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பனடோல் போதும், அஸ்பிரின், நியூரோஃபென் குருதிக் கசிவைக் கூட்டும், வேண்டாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் குருதி, மயக்கம், சலம் குறைதல் கண்டால் தாமதியாமல் 000.

ஒருநாள் சம்பளம் போகுமே என்று, காய்ச்சல் விட்ட மறுநாளே தொழிற்சாலைக்கு ஓடுபவர்கள் நாம். டெங்கு என்றால் அந்த இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் இருப்போம். சம்பளத்தைப் பிறகு உழைக்கலாம்.