தோழன் மூட்டிய தீ – 9: ஒரே வரிசையில் நின்றவர்கள்

அம்பாங்கில் நான் அடிக்கடி போகும் மண்டி சோற்றுக் கடையில் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் இருக்காது. அடுப்படியில் வேலை செய்யும் ஏமன் நாட்டுப் பையன் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுவான். சானா நகரத்துக்காரன். ஒருநாள் பக்கத்து மேசைக்காரர் அவனைப் பார்த்து, "நீ சுன்னியா, ஷியாவா?" என்று கேட்டுவிட்டார். பையன் பதில் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவர் எழுந்து போன பிறகு என்னிடம் வந்தான். "பாங், எங்க அப்பா கையைத் தொங்கவிட்டுத் தொழுவார். மாமா கையைக் கட்டித் தொழுவார். ஒரே பள்ளிவாசல், ஒரே வரிசை. சின்ன வயசில் யாரும் எங்களை இப்படிக் கேட்டதே இல்லை" என்று மலாயில் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், இரண்டு விதமாகவும் நின்று காட்டினான்.

கையைத் தொங்கவிடுவது ஸைதி வழக்கம். கட்டுவது ஷாஃபி வழக்கம். ஸைதிகள் ஷியாக்களில் ஒரு பிரிவினர்தான், ஆனாலும் சுன்னிகளுக்கு மிக நெருக்கமானவர்கள். நம் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழுவே 1984இல் ஸைதி வழியை ஏற்றுக்கொண்டிருந்தது. 1996இல்தான் அதை விலக்கியது.

ஏமன் போரை 'ஷியா, சுன்னி சண்டை' என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் 1962க்குப் போய்வர வேண்டும். வட ஏமனில் ஸைதி இமாமின் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்த இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்துத் தாங்கியது சவூதி அரேபியா. குடியரசுக்காரர்களுக்காகப் படை அனுப்பியது நாசரின் எகிப்து. ஷியா இமாமுக்குத் துணைபோக சவூதிக்கு அன்று மதம் குறுக்கே வரவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. 1980 வாக்கில் ஸைதிகளின் தாயகமான ஸஅதாவிலேயே, தம்மாஜ் என்ற ஊரில், சவூதியில் படித்துத் திரும்பிய முக்பில் அல்வாதிஈ ஒரு சலஃபி கல்விக்கூடம் தொடங்கினார். சவூதிப் பணம் எல்லை தாண்டி வந்தது. 'நீங்கள் வழிதவறியவர்கள்' என்ற பிரசாரத்தைச் சொந்த மண்ணிலேயே கேட்க நேர்ந்த ஸைதி இளைஞர்கள் 1990களில் திரண்டார்கள். ஹூதி இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது.

ஈரான் அதற்குப் பிறகு வந்தது, ஆயுதமும் கொடுத்தது. ஹூதிகள் தாயிஸ் நகரை முற்றுகையிட்டு வதைத்ததையும், சிறுவர்கள் கையில் துப்பாக்கி திணித்ததையும் நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் எரியும் வீட்டில் இருவர் எண்ணெய் ஊற்றும்போது ஒருவன் கையை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்? அண்டை நாடு நீட்டும் கை யாருக்காக நீள்கிறது என்பது நமக்கும் தெரியாததல்ல. 1983க்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்த இந்தியா, 1987இல் புலிகளோடே போரிட்டது.

2014 செப்டம்பரில் ஹூதிகள் சானாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச் 26இல் சவூதி கூட்டணி குண்டு வீசத் தொடங்கியது. மூன்றே வாரத்தில், ஏப்ரல் 14 அன்று, ஐநா பாதுகாப்பு மன்றம் 2216ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஹூதிகளுக்கும் அவர்களோடு சேர்ந்த முன்னாள் அதிபர் சாலே தரப்புக்கும் ஆயுதம் போகக் கூடாது. குண்டு வீசியவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆதரவாக 14 வாக்குகள், ரஷ்யா மட்டும் விலகி நின்றது. அந்த 14 கைகளில் ஒன்று மலேசியாவின் கை. 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் நாம் அந்த மன்றத்தில் உறுப்பினர்.

அதைவிட நெஞ்சை அறுப்பது 2016 ஜூன். ஏமனில் 2015இல் கொல்லப்பட்ட, காயமடைந்த குழந்தைகளில் 60 விழுக்காட்டினருக்குச் சவூதி கூட்டணியே பொறுப்பு என்று ஐநா அறிக்கை சொன்னது. குழந்தைகளை வதைப்போரின் கறுப்புப் பட்டியலில் ஏறிய கூட்டணியின் பெயர் சில நாள்களிலேயே இறங்கியது. ஐநா திட்டங்களுக்கான நிதி நின்றுபோனால் இன்னும் பல லட்சம் குழந்தைகள் வாடுவார்கள் என்று பயந்துதான் நீக்கினேன் என்று அன்றைய ஐநா தலைமைச் செயலாளர் பான் கீ மூன் வெளிப்படையாகவே சொன்னார். போரில் சிக்கிய குழந்தைகளுக்கான பாதுகாப்பு மன்றப் பணிக்குழுவுக்கு அப்போது தலைமை வகித்த நாடு எது தெரியுமா? மலேசியா.

அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று, தித்திவங்சா அரங்கில் மியன்மாரின் ரொஹிங்யா மக்களுக்காகப் பிரதமர் நஜிப்பே முழங்கினார். உறுப்பு நாட்டு விவகாரத்தில் தலையிடாத ஆசியான் மரபை மீறிப் பேசினார், பேசியது சரியே. ஏமன் குழந்தைகளுக்காக அவர் அப்படி ஒரு மேடை ஏறவில்லை. 2017 பிப்ரவரியில் சவூதி மன்னர் சல்மான் கோலாலம்பூர் வந்தார். பெங்கெராங் எண்ணெய்த் திட்டத்தில் சவூதி எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் 700 கோடி டாலர் முதலீடு கையெழுத்தானது. மன்னர் பெயரில் ஓர் 'அமைதி மையம்' அமைக்கவும் முடிவானது. ஊரை எரிப்பவர் பெயரில் அமைதி மையம்!

2018இல் ஆட்சி மாறியது. தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு சவூதியிலிருந்த நம் வீரர்களைத் திரும்ப அழைத்தார், அந்த மையத்தையும் நிறுத்தினார். அதற்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஆகஸ்டு 9ஆம் தேதிதான் ஸஅதா மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பேருந்தின் மேல் கூட்டணியின் குண்டு விழுந்தது. 40 குழந்தைகள் இறந்தார்கள். குண்டு அமெரிக்காவில் செய்தது. 2021 முடிவுக்குள் இந்தப் போர் கொண்டுபோன உயிர்கள் 3,77,000 என்று ஐநா மேம்பாட்டுத் திட்டம் கணக்கிட்டது.

அந்தப் பையனிடம் இருப்பது ஐநா அகதிகள் அட்டை. ஓரம் மடங்கிய அந்த அட்டையைக் கைப்பேசி உறைக்குள் வைத்திருக்கிறான். அவன் நாட்டின் தலையெழுத்தை முடிவு செய்யக் கையுயர்த்திய மலேசியா, 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்திடவில்லை.